வெறும் வயிற்றில்

செவ்வாய்க்கிழமை நின்றுபோயிற்று.
எத்தனை மணிக்கென்று தெரியாது.
நான் அப்போது புரசைவாக்கம் லேபில்
யாரோ ஒருவரின் முழங்கை மடிப்பில்
நரம்பு தேடிக்கொண்டிருந்தேன்.

ஸீனியா என்று பெயர்.
கொளத்தூரில் மூன்று தண்டு வாங்கி
அயனாவரம் வரைக்கும்
ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்த பவளம்.
தண்டின் நுனியெல்லாம் குட்டிக் குட்டிக் கைகள்.
மூடும், திறக்கும்.
மூடும், திறக்கும்.

பகல் முழுக்க நான் சொல்வதும் அதுதான்:
"கையை மூடுங்க. திறங்க."
வீட்டில் ஒருவரும் சொல்லாமலே
நூறு கைகள் செய்துகொண்டிருந்தன.

இப்போது தொங்குகின்றன,
நனைந்த பட்டுக் குஞ்சம் மாதிரி.

முதலில் சூட்டைச் சந்தேகித்தேன்.
ஞாயிறு மதியம் மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை.
தெர்மாமீட்டர் இருபத்தொன்பதரை.
உறையவைத்த பாட்டிலை மிதக்கவிட்டு
காலண்டர் அட்டையால் விசிறினேனே,
போதவில்லையா?

அப்புறம் கீழ்வீட்டுக் கொசுவர்த்தி.
அப்புறம் பக்கத்துப் பாறையின் தோல் பவளம்:
ஐந்து நாளாய் மெழுகு பூசியது போல
முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.
அதற்கு நோயில்லை, தோல் உரிக்கிறது.
உரிக்கும்போது விஷம் ஏதும் கக்குமோ என்று
கரிப் பை ஒன்றைத் தொங்கவிட்டேன்.

உப்பு சரி.
காரத்தன்மை எட்டு. எட்டரையாகவும் இருக்கலாம்;
எந்தச் சொட்டில் நீலம் மஞ்சளாகிறது என்பதில்
எனக்கும் டியூப்லைட்டுக்கும் தகராறு.
நைட்ரேட் குழாயை
வெள்ளைத்தாள் மேல் வைத்துப் பார்த்தேன். நிறமே இல்லை.
பாஸ்பேட்டும் அப்படியே.
நோட்டில் இரண்டு பூஜ்யம் போட்டு
அடிக்கோடும் இழுத்தேன்,
நல்ல ரிப்போர்ட் கொடுக்கிற கையால்.

இரவு பத்தரைக்குத் தஸ்தகீர் பாய்க்குப் போன்.
"தண்ணி கண்ணாடியா இருக்கு பாய், ஒரு தூசி கிடையாது."
"எப்டி?"
"வாரத்துக்கு ரெண்டு தடவ மாத்துறேன்.
மணலை உறிஞ்சி எடுத்துடுறேன்.
மீனுக்குக்கூட எண்ணித்தான் போடுறேன்."
அந்தப் பக்கம் ஏர் பம்புகளின் இரைச்சல்,
கடையை இன்னும் மூடவில்லை போல.
"சரி சிஸ்டர்," என்றார்,
"அப்போ அது என்னத்தச் சாப்பிடும்?"

சுத்தம் சோறு போடும்.
கார்ப்பரேஷன் ஸ்கூல் சுவரில் நீல பெயிண்ட்.
நான் எழுத்துக்கூட்டிப் படித்த
முதல் முழு வாக்கியம்.

காலை ஆறரைக்கு லேபைத் திறந்தால்
வரிசையில் முதல் ஆளிடம் கேட்பேன்,
"வெறும் வயித்துல வந்தீங்களா?"
ஆமாம் என்றால் நல்லது.
பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லி,
"போய் மொதல்ல சாப்பிடுங்க" என்பேன்.
தினமும் அறுபது பேரிடம்.
என் வீட்டில் ஆறு வாரமாய்
ஒருத்தர் பட்டினி கிடந்து
கை நீட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்.

நுரை பிரிக்கும் எந்திரத்தை அணைத்தேன்.
மீனுக்கு இரண்டு சிட்டிகை கூட.
வெள்ளிக்கிழமை இரண்டு தண்டுகள்
கஞ்சி மாதிரி கரைந்துபோயின.
டியூப் வைத்து இழுத்து எடுக்கும்போது அடித்த நாற்றம்
சோப்பு போட்டும் போகவில்லை;
அதே கையோடு வேலைக்குப் போனேன்,
கிளவுஸ் இருந்தது.

கண்ணாடியில் பாசி பிடிக்கத் தொடங்கியிருக்கிறது.
"என்னக்கா இவ்ளோ அழுக்கு, துடைக்கவா?" என்கிறான்
மாடி வீட்டு லெனின்.
துடைப்பானைப் பிடுங்கி
ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டேன்.

மூன்றாவது தண்டில்
ஓரமாய் ஒரு கை மட்டும்
இன்றைக்கு அசைகிறது.
தானாக அசைகிறதா,
பம்ப் ஓட்டத்தில் ஆடுகிறதா?
பம்பை ஒரு நிமிஷம் நிறுத்தினால் தெரிந்துவிடும்.

ஸ்விட்ச் மேல் விரல் வைத்திருக்கிறேன்.
வேண்டாம்,
முதலில் சாப்பிடட்டும்.